சாலையோரச் சிவப்பெழுத்து



இந்த இதழின் அட்டைப்படத்தைப் பார்த்ததும் எங்கள் அச்சக மேலாளர் கேட்டார்: "என்ன சார், லாட்ஜ் போர்டையா அட்டையில போடுறீங்க?"

லாட்ஜ் போர்டுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் டுகும்காரி என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் ஐயாயிரம். அங்கே 1939-இல் கட்டப்பட்ட 'புளூ ஸ்வாலோ' மோட்டலின் பெயர்ப்பலகைதான் அட்டையில் இருப்பது. உச்சியில் நீல நியானில் ஒரு தகைவிலான் குருவி பறக்கிறது. கீழே, 'நூறு சதவீதம் குளிரூட்டிய காற்று' என்று பெருமையாக ஒரு வரி. ஏசி அரிதாக இருந்த காலத்தில், வெயிலில் நாள் முழுக்கக் கார் ஓட்டிக் களைத்தவனை உள்ளே இழுக்க அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

1958-இல் ஃபிளாய்ட் ரெட்மன் என்பவர் இந்த மோட்டலை வாங்கி, தான் மணக்கப்போகும் லில்லியனுக்கு நிச்சயதார்த்தப் பரிசாகக் கொடுத்தார். நகை, புடவை என்று பழகிய நமக்கு லாட்ஜைப் பரிசாகக் கொடுப்பது விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் லில்லியன் அதை நாற்பது வருடம் நடத்திக் காட்டினார். வாடகைக்குக் காசு போதாதவர்களிடம் கையில் இருக்கும் பொருளை வாங்கிக்கொண்டு அறை கொடுத்திருக்கிறார். அதுவும் இல்லாதவர்களைச் சும்மாவே தங்கவிட்டிருக்கிறார். அந்தக் குருவி இன்றும் இரவில் எரிகிறது. மோட்டலும் நடக்கிறது.

அமெரிக்கச் சிற்றூர்களின் நியான் பலகைகளைப் பற்றிச் சிறப்புப் பக்கங்கள் போடலாம் என்று முடிவானபோது, நான் முதலில் தெரிந்துகொள்ள விரும்பியது இவற்றை எப்படிச் செய்கிறார்கள் என்பதைத்தான். நியான் வாயுவை 1898-இல் லண்டனில் வேதியியலாளர்கள் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்தார்கள். காற்றில் பத்து லட்சம் பங்குக்குப் பதினெட்டுப் பங்குதான் அது இருக்கிறது. பாரிஸில் காற்றைத் திரவமாக்கி ஆக்சிஜன் பிரித்து விற்றுக்கொண்டிருந்த ஜார்ஜ் கிளாட் என்பவரிடம் இந்த நியான் உபரியாகச் சேர்ந்தது. அதைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மின்சாரம் பாய்ச்சி, 1910-இல் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் எரியவிட்டார். 1915-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது.

இனி பட்டறைக்குள் போவோம். நான்கடி நீளக் கண்ணாடிக் குழாய். எழுத்தின் வரைபடம் மேசையில் இடவலம் மாறிக் கிடக்கும். மடக்கும் வேலையெல்லாம் பின்பக்கமாக நடப்பதால், முன்பக்கம் எழுத்து நேராக வரவேண்டுமானால் தொழிலாளி இடவலம் மாற்றித்தான் எழுதியாக வேண்டும். வளைய வேண்டிய இடத்தைக் கேஸ் தீயில் காட்டி உருட்டிக்கொண்டே இருப்பார். கண்ணாடி இளகித் தொய்யும் நேரம் பார்த்து எடுத்து வரைபடத்தின் மேல் வைத்து வளைப்பார். அதற்குச் சில நொடிகள்தான் அவகாசம், பிறகு இறுகிவிடும். வளையும் இடம் நசுங்கிவிடாமல் இருக்க, வாயில் கவ்வியிருக்கும் ரப்பர் டியூப் வழியாக மெதுவாக ஊதிக்கொடுப்பார். அதிகமாக ஊதினால் அந்த இடம் புடைத்துவிடும், குறைவாக ஊதினால் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்து முடிந்ததும் இரு முனையிலும் மின்முனைகளைப் பொருத்தி, காற்றை உறிஞ்சி, உயர் மின்னழுத்தம் பாய்ச்சிக் குழாயைச் சூடாக்கி, உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கையெல்லாம் எரித்து வெளியேற்றுகிறார்கள். கடைசியில்தான் வாயு. நியானின் சொந்த நிறம் செம்மஞ்சள் கலந்த சிவப்பு ஒன்றே. நீலம் வேண்டுமென்றால் ஆர்கான் வாயுவோடு ஒரு துளி பாதரசம். மற்ற நிறங்கள் குழாயின் உட்பூச்சும் வண்ணக் கண்ணாடியும் செய்யும் வேலை. ஆக, நம் அட்டையில் பறக்கும் நீலக் குருவிக்குள் நியான் வாயுவே இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் நியான் என்றுதான் சொல்கிறோம். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையில் குழாய் தொடர்ந்து ஓடும். அந்தத் துண்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்துவிடுவார்கள். அடுத்த முறை பழைய நியான் பலகை ஒன்றை அருகில் பார்த்தால் அந்தக் கறுப்புத் துண்டுகளைத் தேடிப் பாருங்கள். ஒழுங்காகச் செய்த குழாய் பல பத்தாண்டுகள் எரியும்.

மோட்டல் பலகைகளில் நான் மிகவும் ரசிப்பது ஒரு சின்ன ஏற்பாட்டை. 'வேகன்சி' என்ற சொல் இரவெல்லாம் எரியும். அதற்கு முன்னால் 'நோ' என்று இரண்டே எழுத்துக்குத் தனிக் குழாய், தனிச் சுவிட்ச். கடைசி அறையும் நிரம்பியதும் முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே சுவிட்சைத் தட்டுவார். வாசலில் 'நோ வேகன்சி' என்று எரியும். அன்றைய வியாபாரம் நல்லபடி முடிந்தது என்று ஊருக்கே அறிவித்தாகிவிட்டது.

இத்தனை பாடும் எதற்காக? மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் 88 அடி கடந்துவிடுகிறது. ஓட்டுகிறவர் கண்ணில் பட்டு, படித்து, மனம் மாறி, பிரேக்கில் கால் வைப்பதற்கு இருக்கும் நேரம் மிகக் கொஞ்சம். தலைப்புக்கு ஒரு சொல் கூடிவிட்டதே என்று இரவு பதினோரு மணிக்குத் தலையைச் சொறியும் பத்திரிகைக்காரனுக்கு இந்தக் கஷ்டம் நன்றாகவே புரியும்.

கஷ்டத்தை வென்றவர்களும் இருக்கிறார்கள். தெற்கு டகோட்டாவில் வால் என்ற குட்டி ஊரில் டெட் ஹஸ்டெட், டாரதி தம்பதி 1931-இல் ஒரு மருந்துக்கடையை வாங்கினார்கள். ஐந்து வருடமாக வியாபாரம் படுத்தே கிடந்தது. 1936 கோடையில் ஒரு மதியம், நெடுஞ்சாலையில் போகும் கார்களின் சத்தத்தில் தூக்கம் வராமல் எழுந்த டாரதிக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்த வெயிலில் போகிறவர்களுக்கு என்ன வேண்டும்? ஐஸ் தண்ணீர். அதை இலவசமாகக் கொடுப்பதாகச் சாலையோரத்தில் பலகை நட்டார்கள். பலகையை நட்டுவிட்டு டெட் கடைக்குத் திரும்புவதற்குள் ஆட்கள் வந்து நின்றார்கள். இன்று அந்தக் கடை ஒரு பெரிய சுற்றுலா மையம். ஐஸ் தண்ணீர் இன்றைக்கும் இலவசம். நியானும் இல்லை, மின்சாரமும் இல்லை. பலகையும் பெயின்ட்டும் மட்டும்தான்.

சரி, அந்த நியான் பலகைகளெல்லாம் எங்கே போயின? சிகாகோவிலிருந்து கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா வரை ஓடிய ரூட் 66 சாலையைத்தான் டுகும்காரி போன்ற ஊர்கள் நம்பியிருந்தன. ஊரில் இரண்டாயிரம் அறைகள் இருப்பதாக டுகும்காரி நெடுந்தூரம் முன்னாலிருந்தே விளம்பரம் செய்தது. 1956-இல், மாநிலங்களை இணைக்கும் 'இன்டர்ஸ்டேட்' நெடுஞ்சாலைகளுக்கான சட்டம் வந்தது. புதுச் சாலைகள் ஊருக்குள் நுழையாமல் ஒதுங்கிப் போயின. 1985-இல் ரூட் 66 அரசுப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. வழியில் யாரும் நிற்காத ஊரில் விளக்கு யாருக்காக எரியும்?

ஊருக்கு ஊர் கிளை வைத்த மோட்டல் நிறுவனங்கள் இன்னொரு பக்கம். எந்த ஊரில் இறங்கினாலும் ஒரே பலகை, ஒரே அறை, ஒரே சோப்பு. பயணிக்கு அதில் நிம்மதி உண்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன். கைவேலை நியானுக்குப் பதில் உள்ளே டியூப்லைட் வைத்த பிளாஸ்டிக் பெட்டி வந்தது. மலிவு, பராமரிப்பும் எளிது.

1965-இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட நெடுஞ்சாலை அழகுச் சட்டத்தையும் பழைய பலகைப் பிரியர்கள் திட்டுவார்கள். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டவர் அவர் மனைவி லேடி பேர்ட் ஜான்சன். என் பார்வையில் அந்த அம்மையார் மேல் தப்பில்லை. அவர் ஒழிக்க நினைத்தது நாடு முழுக்க வயல்வெளிகளை மறைத்து நின்ற விளம்பரப் பலகைகளை. கடை வாசலில் கடைக்காரர் வைத்த பலகைகளைப் பெரும்பாலும் பாதித்தது அந்தந்த ஊர் நிர்வாகங்களின் விதிகள்தான். பலகை இத்தனை அடிக்கு மேல் கூடாது, விளக்கு சிமிட்டக் கூடாது என்று கட்டுப்பாடுகள் வந்தன. பல ஊர்களில், பழைய பலகையைப் பழுதுபார்க்க ஒருமுறை கழற்றிவிட்டால் திரும்ப மாட்ட அனுமதி கிடைக்காது என்ற நிலையும் இருந்தது.

பழையதைக் கொண்டாடும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. 'வேகன்சி' என்று எரிந்த விளக்கு எல்லோருக்குமாக எரியவில்லை. கறுப்பினக் குடும்பம் ஒன்று அந்த வாசலில் காரை நிறுத்தினால் பெரும்பாலும் இடமில்லை என்ற பதில்தான் கிடைக்கும். அதனால்தான் நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936-இல் தொடங்கி, கறுப்பின மக்களுக்கு எந்த ஊரில் எந்த வாசல் திறக்கும் என்று ஒரு கையேடு வெளியிட வேண்டியிருந்தது. பிற்காலத்தில் குஜராத்திப் பட்டேல் குடும்பங்கள் சாலையோர மோட்டல்களை வாங்கத் தொடங்கியபோது, போட்டிக்காரர்கள் சிலர் 'அமெரிக்கருக்குச் சொந்தமானது' என்று பலகையில் சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் பட்டேல்கள் நிலைத்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் சான் பெர்னார்டினோ அருகே, செவ்விந்தியர் குடில் வடிவ அறைகள் கொண்ட பழைய விக்வாம் மோட்டலை 2003-இல் வாங்கிப் பழைய பொலிவுக்குக் கொண்டுவந்தது ஒரு பட்டேல் குடும்பம்தான்.

பழைய பலகைகளை மீட்டவர்களில் எனக்கு நெருக்கமாகத் தோன்றுபவர் டாட் ஸ்வார்ம்ஸ்டெட். பெயர்ப்பலகைத் தொழிலுக்காக 1906 முதல் வந்த ஒரு பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். எழுதியது போதும் என்று, பலகைகளையே சேகரிக்கக் கிளம்பிவிட்டார். 1999-இல் அவர் தொடங்கிய அமெரிக்கப் பெயர்ப்பலகை அருங்காட்சியகம் சின்சினாட்டி நகரில் இருக்கிறது. அங்கேயே ஒரு நியான் பட்டறையும் இயங்குகிறது. குழாய் வளைப்பதை நின்று பார்க்கலாம். இன்னொருவர் ஜான் மார்கோலீஸ். பல பத்தாண்டுகள் சிற்றூர் சாலைகளில் காரோட்டி, காலை வெயிலில், ஆளில்லாத நேரம் பார்த்து, கடைகளையும் பலகைகளையும் படமெடுத்துத் தள்ளியவர். அவருடைய 11,000-க்கும் மேற்பட்ட வண்ணப் படங்கள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. உரிமைக் கட்டுப்பாடு இல்லை, யாரும் எடுத்தாளலாம். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அவருக்கு ஒரு கும்பிடு போடுவார்.

ஆனாலும், அருங்காட்சியகத்தில் எரியும் பலகையைவிட, திறந்திருக்கும் கடை வாசலில் எரியும் பலகைதான் முழுமையானது என்று நினைக்கிறேன். அரிசோனாவின் மீசா நகரில், 1960-இல் வைத்த ஸ்டார்லைட் மோட்டல் பலகையில் நீச்சலுடைப் பெண்ணொருத்தி மூன்று நிலைகளில் பாய்ந்து தண்ணீரில் விழுவாள். 2010 அக்டோபர் புயலில் அது சாய்ந்து நொறுங்கியது. ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் சேர்ந்து சுமார் 1,20,000 டாலர் திரட்டி, 2013 ஏப்ரலில் அதே இடத்தில் அவளை மறுபடி பாயவைத்தார்கள்.

நன்கொடை ஒருமுறை கிடைக்கும். மின்கட்டணமோ மாதாமாதம் வரும். அதைக் கட்டுவது அறைவாடகைதான். ரூட் 66-க்கு 2026-இல் நூறு வயது. பிள்ளைகளைப் பார்க்கக் கோடையில் அமெரிக்கா போகும் வாசகர்கள் நம்மிடையே ஏராளம். கிராண்ட் கேன்யனுக்கோ லாஸ் வேகஸுக்கோ காரில் கூட்டிப்போவார்கள். ஓர் இரவு மட்டும், பெரிய நெடுஞ்சாலையை விட்டிறங்கி, நியான் எரியும் சின்ன மோட்டல் ஒன்றில் தங்கச் சொல்லுங்கள். அந்தப் பலகையைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். பல பலகைகளின் அடியில், செய்த பட்டறையின் பெயர் சின்னத் தகட்டில் பொறித்திருக்கும். குனிந்து அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அந்தப் பெயரோடு சேர்த்தே பிரசுரிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்