பிடுங்கி எறிவது பழுதுபார்ப்பதாகாது

பழைய ஹாம் ரேடியோக்களைப் பேணுவோரிடையே ஒரு மதம் பரவியிருக்கிறது. நாற்பது வயதான கருவி சூடேறியதும் ஊமையாகி, ஆறியதும் பேசுகிறதா? உள்ளே இருக்கும் மின்தேக்கிகளை, பட்டறை மொழியில் கண்டென்சர்களை, ஒன்றுவிடாமல் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் பொருத்து. அதன் ஒரே மந்திரம் இதுதான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் இந்த வைத்தியத்தை நான் முழுமையாக மறுக்கிறேன்.

1980களில் வந்த கென்வுட் டிஎஸ்-440எஸ் கருவியை எடுத்துக்கொள்வோம். அதைப் பிடிக்கும் நோய் பலரும் அறிந்தது. அதிர்வெண் காட்டும் திரையில் எண்கள் மறைந்து புள்ளிகள் மட்டும் வரிசையாக நிற்கும். சிலவற்றில் இது சூடேறிய பின்பே தோன்றும். பிஎல்எல் எனப்படும் பூட்டுச் சுற்று பிடியை நழுவவிட்டது என்று கருவியே வாய்விட்டுச் சொல்கிறது! அலையியற்றியின் உறுப்புகள் அசையாதிருக்கத் தொழிற்சாலையில் பூசிய பசை, முதுமையில் மின்கசிவுக்கு வழிவிடுவது இதற்குப் பெயர்போன காரணம். இன்னொன்று, விரிசல் கண்ட பற்றவைப்பு. ஐம்பது கண்டென்சர்களை மாற்றினாலும் அந்தப் பசை அங்கேயேதான் இருக்கும்.

"மாற்றினேன், சரியாயிற்று" என்பார்கள். ஆகலாம். ஐம்பது இடங்களில் ஈயத்தை உருக்கும்போது, விரிசல் கண்ட இணைப்பு ஒன்றும் தற்செயலாக ஒட்டிக்கொள்ளும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். பழுது எங்கிருந்தது என்பது இனி ஒருவருக்கும் தெரியாது. தடயத்தை அவர்களே அழித்துவிட்டார்கள். பழைய பலகைகளில் செப்புத் தடங்கள் சூட்டில் உரிந்துவரும் என்பது தனிச் சோகம்.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. வால்வு ரேடியோக்களில் கட்டுக் கிரிட்டுக்கு முன்னிருக்கும் மெழுகுக் காகிதக் கண்டென்சரைச் சோதிக்காமலே மாற்றலாம். சூட்டில் அது கசிந்தால் வால்வும் சேர்ந்து அழியும். மின்வழங்கியின் எலெக்ட்ரோலிட்டிக்குகளையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். நான் எதிர்ப்பது சந்தேகத்தை அல்ல, விசாரணையற்ற தண்டனையை.

விசாரணை கடினமானதும் அல்ல. மூடியைத் திறந்தாலே கருவி குளிர்ந்து பழுது ஒளிந்துகொள்ளும். பலர் இங்கேயே ஏமாறுகிறார்கள். ஆகவே அளவுக் கம்பிகளை வெளியே இழுத்துவிட்டு மூடிவைத்தே பழுதை வரவழைக்க வேண்டும். அது எப்படி வருகிறது என்பதைக் கவனியுங்கள். சட்டென்று அறுந்தால் விரிசலையும், மெல்ல வழுக்கினால் கசிவையும் முதலில் சந்தேகியுங்கள். மரக்குச்சியால் தட்டும்போது எதிர்வினை கிடைத்தால் இணைப்பின் மீது ஐயம் வலுக்கும். பிறகு பலகையைத் திறந்து, முடி உலர்த்தியால் அட்டைத் துளை வழியே சிறு பகுதியாகச் சூடேற்றி, குளிர்த்தெளிப்பானால் ஒவ்வோர் உறுப்பாகக் குளிரவைக்க வேண்டும். எதைக் குளிர்வித்ததும் எண்கள் திரும்புகின்றனவோ அங்கே நில்லுங்கள். (சூடான வால்வின் மீது மட்டும் தெளித்துவிடாதீர்கள், கண்ணாடி வெடிக்கும்.) டிரான்சிஸ்டரின் அடிவாய்–உமிழ்வாய் மின்னழுத்தம் ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் குறைவது இயற்கை; அதைப் பழுதென்று எண்ணிவிடக் கூடாது.

இதற்கு ஒரு மாலைப் பொழுது போதாமல் போகலாம். ஆனால் பற்றவைப்பான் அதுவரை மேசை மீது குளிர்ந்தே கிடக்கட்டும்.