பாட்டு ஓடுது... எழுதினவருக்குக் காசு வருதா?

நீங்கள் மெட்டமைக்கிறீர்கள். நண்பர் வரிகள் எழுதுகிறார். பாட்டு ஸ்பாட்டிஃபையில் வந்தாச்சு, வானொலியிலும் ஒலிக்குது. சரி, காசு எப்படி வரும்?

ஒரு பாட்டு, இரண்டு உரிமைகள்

வரிகளும் மெட்டும் ஓர் உரிமை. அது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சொந்தம். ஸ்டூடியோவில் செய்த ஒலிப்பதிவு இன்னோர் உரிமை. அது பெரும்பாலும் பதிவைத் தயாரித்தவரிடம் இருக்கும். அதே பாட்டை நாளை வேறொருவர் பாடி வெளியிட்டால் ஒலிப்பதிவு புதுசு. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்குமான ராயல்டி உங்கள் இருவருக்கும்தான்.

யார் வசூலிப்பது?

சிங்கப்பூரில் அந்த வேலையைச் செய்வது 'காம்பஸ்'. 1987இல் தொடங்கிய இசையமைப்பாளர், பாடலாசிரியர் அமைப்பு அது. வானொலி, தொலைக்காட்சி, உணவகங்கள், கடைத்தொகுதிகள், இசை நிகழ்ச்சிகள் ஆகியவற்றிடம் உரிமக் கட்டணம் வாங்கி உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. இங்கே ஒலிக்கும் தமிழ்த் திரைப்பாடல்களுக்கான பங்கு, இந்தியாவின் ஐபிஆர்எஸ் போன்ற அமைப்புகள் வழியாக அங்குள்ள படைப்பாளர்களுக்குப் போகும். நம்ம பாட்டு வெளிநாட்டில் ஒலித்தால் பணம் அதே வழியில் இங்கே வரும்.

எங்கே கோட்டை விடுகிறோம்?

"டிஸ்ட்ரிபியூட்டர் மூலமா ஏத்தியாச்சு, எல்லாக் காசும் வந்துடும்" என்று பலர் நினைக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கொடுப்பது ஒலிப்பதிவுக்கான பணம் மட்டுமே. வரிகளுக்கும் மெட்டுக்குமான பங்கு தனிப் பாதையில் வருகிறது.

பதிப்புரிமை பெறப் பதிவு எதுவும் வேண்டாம். பாட்டை எழுதி வைத்தாலோ பதிவுசெய்தாலோ அது தானாகக் கிடைத்துவிடும். படைப்பாளரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 70 ஆண்டுகளுக்கும் அது நீடிக்கும். ஆனால் வசூலிக்கும் அமைப்பிடம் உங்கள் பெயரும் பாட்டும் இல்லையென்றால் பணத்தை யாருக்கு அனுப்புவது?

என்ன செய்யலாம்?

• யாருக்கு எத்தனை விழுக்காடு என்பதை வெளியீட்டுக்கு முன்பே எழுதி வையுங்கள்.

• உறுப்பினராகச் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் பதிவுசெய்யுங்கள்.

• மேடையில் உங்கள் பாட்டைப் பாடினால், பாடல் பட்டியல் ஏற்பாட்டாளர் வழியாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள்.

• "ஒரே தொகை, முழு உரிமையும் எங்களுக்கு" என்று ஒப்பந்தம் சொன்னால் நின்று யோசியுங்கள். கையெழுத்து போட்டால் பிறகு வரும் ராயல்டியும் கைவிட்டுப் போகலாம். இந்தியாவில் இப்படிப் பலர் இழந்ததால்தான், ராயல்டி பங்கை நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுக்க முடியாதபடி 2012இல் சட்டம் திருத்தப்பட்டது.

• பெயர் போடச் சொல்லுங்கள். 2021 நவம்பர் முதல் நடப்பில் உள்ள சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது.

பங்கு பேச்சைப் பாட்டு ஹிட் ஆகும் முன்பே முடித்துவிடுங்கள். அப்புறம் பேசினால் காசோடு நட்பும் போயிடும்!