புது ஆம்ப்புக்குப் புழுதி பூசும் கலை

கிடார் ஆம்ப்ளிஃபயர் கட்டுற மக்கள்கிட்ட ஒரு விசித்திரமான பழக்கம். புத்தம் புது பாகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அப்புறம் ராத்திரி பகலா உட்கார்ந்து அதைப் பழசாக்க வேண்டியது. ரொம்ப நாளா இதைப் பத்திப் புலம்பணும்னு இருந்தேன்.

ஃபெண்டர் 1950களில் போட்ட ட்வீட் ஆம்ப் தெரியுமில்லையா? பெட்டி மேல பருத்தித் துணி, அதுக்கு மேல லாக்கர். பல வருஷம் பார்களோட சிகரெட் புகை பட்டுப் பட்டு அது தேன் நிறத்துக்கு வந்தது. இப்போ வர்ற புதுத் துணி வெளிறிப்போய் இருக்கா, அம்பர் ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைச்சு நாலு கோட் அடிக்கிறாங்க. (ஷெல்லாக்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம அரக்குதான். ஜார்கண்ட் மரத்துப் பூச்சி, அமெரிக்கப் பழமைக்கு மேக்கப் போடுது!) வெள்ளைக் குமிழுக்கும் ஸ்பீக்கர் துணிக்கும் டீ, காபி டிகாக்‌ஷன். பளபள ஸ்க்ரூவுக்கு வினிகர், இல்லேன்னா பிசிபி அரிக்கிற ஃபெரிக் குளோரைடு.

இதுவரைக்கும் எனக்குச் சண்டை இல்லை. பழைய ஆம்ப்பில் ஒரு மூலை கிழிஞ்சு ஒட்டுப் போட்டா, ஒட்டு தனியாத் தெரியக் கூடாதுன்னு நினைக்கிறது நியாயம்தான். ஆனா 'சத்தமும் பழசு மாதிரி ஆயிடுச்சு'ன்னு சொல்றவங்களை... சாமி, குமிழைத் தேயிலையில் ஊற வச்சா டோன் எப்படிய்யா மாறும்?

கை சேஸிஸுக்கு உள்ளே போகும்போதுதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது. பவர் சப்ளையில் இருக்கிற எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் 15, 20 வருஷத்துல காஞ்சு போற சாமான். மாத்தித்தான் ஆகணும். அதுக்காகப் பழைய அட்டைக் கூட்டைக் குடைஞ்சு உள்ளே புதுசைச் சொருகி, ஒண்ணும் நடக்காத மாதிரி மூடிடறாங்க. அடுத்துத் திறக்கிற மெக்கானிக் எதை நம்புவார்? வாங்குறவர் எதை நம்பிப் பணம் கொடுப்பார்? முதல் ஆள் ஆசைக்குத்தான் பண்றார், ஒத்துக்கறேன். மூணாவது கை மாறும்போது அதே பெட்டி 'எல்லாமே ஒரிஜினல் சார்' ஆயிடுது. யாரும் வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட வேண்டாம், பூசின துரு சொல்லிடும்.

இதைவிடக் கொடுமை பவர் கார்டு. அந்தக் கால அமெரிக்க ஆம்ப்புகளில் பிளக்குக்கு ரெண்டே முள்ளு, எர்த் கிடையாது. மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கப்பாசிட்டர் வேற போட்டிருப்பாங்க. ரிப்பேர்காரங்க அதுக்கு வச்ச பேரே 'டெத் கேப்'. அது ஷார்ட் ஆச்சுன்னா சேஸிஸ்ல கரண்ட், நீங்க பிடிச்சிருக்கிற கிடார் கம்பியிலயும் கரண்ட். மூணு முள்ளு வயர் போட்டா 'லுக்' கெட்டுடுமாம்! 1972-ல் ஸ்வான்ஸீ மேடையில் ஸ்டோன் த க்ரோஸ் கிடாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு ஷாக் அடிச்சுச் செத்துப் போனார். அவர் குழுவினர்கிட்டப் போய்ச் சொல்லிப் பாருங்க, லுக் முக்கியம்னு.

பி.கு: கழட்டின பழைய பாகத்தை ஒரு கவர்ல போட்டுப் பெட்டிக்குள்ளயே ஒட்டி வைங்க. என்ன மாத்தினீங்க, எந்தத் தேதின்னு சேஸிஸ் உள்பக்கம் மார்க்கர்ல எழுதிடுங்க. வெளியே எத்தனை லிட்டர் டிகாக்‌ஷன் வேணும்னாலும் ஊத்திக்குங்க, நான் ஏன்னு கேட்க மாட்டேன்.