தொப்பியால் வந்த புகழ்; பெயருக்கு வந்த பழி

கிரிக்கெட்டில் அடுத்தடுத்த மூன்று பந்துகளில் மூன்று பேரை "அவுட்" ஆக்கினால் அதற்கு "ஹாட்-ட்ரிக்" என்று பெயர். "ஹாட்" என்றால் தொப்பி. பந்துக்கும் தொப்பிக்கும் என்ன சம்பந்தம்?

1858-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில் ஒரு பந்தயம் நடந்தது. ஸ்டீபன்சன் என்ற ஆட்டக்காரர் மூன்று பந்துகளில் மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தினார். ரசிகர்கள் மகிழ்ந்து பணம் வசூலித்தார்கள். அவருக்கு ஒரு தொப்பி வாங்கிப் பரிசளித்தார்கள். அந்தத் தொப்பி போய்விட்டது. பெயர் மட்டும் கால் பந்து, ஹாக்கி வரைக்கும் பரவிவிட்டது!

ஆனால் எல்லாச் சொற்களும் இப்படி நல்ல வேளையில் பிறப்பதில்லை.

சீனர் என்ன செய்தார்?

இடது கையால், மணிக்கட்டைத் திருப்பிச் சுழல் பந்து வீசுவதை "சைனாமன்" என்பார்கள். 1933-இல் மான்செஸ்டர் டெஸ்ட் பந்தயத்தில், மேற்கிந்தியத் தீவுகளின் எல்லிஸ் அச்சாங் வீசிய பந்தில் இங்கிலாந்து வீரர் ராபின்ஸ் அவுட் ஆனார். அச்சாங் சீன வம்சாவளியினர். "போயும் போயும் ஒரு சீனனிடமா!" என்று ராபின்ஸ் பொருமியதாகக் கதை. அதற்கு முன்பே அச்சொல் இருந்ததென்று சொல்பவர்களும் உண்டு. எப்படிப் பிறந்தாலும் ஓர் இனத்தாரை இளப்பமாகக் குறிக்கும் சொல் அது. பிரசித்தி பெற்ற "விஸ்டன்" ஆண்டு மலர் 2018-இல் அதைக் கைவிட்டது. நல்ல காரியம்!

சென்னை மறக்கலாமா?

ஓர் இனத்துக்குக் கிடைத்த நியாயம் வினூ மன்கட் என்ற தனி மனிதருக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. 1947 டிசம்பரில் சிட்னி டெஸ்டில், அவர் பந்து வீசுமுன்பே எதிர்முனையில் நின்ற பில் பிரௌன் கோட்டைத் தாண்டினார். மன்கட் ஸ்டம்பைத் தட்டி அவரை ரன்-அவுட் செய்தார். அதே பயணத்தில் முந்தைய பந்தயம் ஒன்றில் பிரௌனை அவர் எச்சரித்தும் இருந்தார். ஆஸ்திரேலியக் காப்டன் பிராட்மனே மன்கட் செய்ததில் தவறில்லை என்று எழுதினார். ஆனால் பத்திரிகைகள் விடவில்லை. "மன்கட்" என்ற பெயரையே வஞ்சகத்துக்கு மறுபெயர் ஆக்கிவிட்டன. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்!

யார் இந்த மன்கட்? 1952-இல் சேப்பாக்கத்தில் இங்கிலாந்தின் 12 விக்கெட்டுகளைச் சாய்த்து, இந்தியாவுக்கு முதல் டெஸ்ட் வெற்றியைத் தேடித் தந்தவர். 1956-இல் அதே சென்னையில், பங்கஜ் ராயுடன் சேர்ந்து முதல் விக்கெட்டுக்கு 413 ரன் குவித்தவர். அந்த உலக சாதனையை 2008 வரை யாராலும் முறியடிக்க முடியவில்லை.

2019-இல் ஜெய்ப்பூரில் நம் அஸ்வின், பட்லரை இதே முறையில் ஆட்டமிழக்கச் செய்தபோது அந்தப் பழைய வசை மீண்டும் கிளம்பியது. 2022-இல் கிரிக்கெட் விதிகளே திருத்தப்பட்டன. "முறையற்ற ஆட்டம்" என்ற பகுதியிலிருந்து இதை எடுத்து, "ரன்-அவுட்" என்ற பகுதியில் சேர்த்துவிட்டார்கள்.

சட்டம் திருந்திவிட்டது, நம் நாக்கு திருந்த வேண்டாமா? ரன்-அவுட்டை ரன்-அவுட் என்றே சொல்வோம். மன்கட் என்ற பெயரைச் சேப்பாக்கத்து வெற்றிக்கு வைத்துக்கொள்வோம்.