அத்திப்பள்ளி கற்பித்த பாடம்: லைசென்ஸ் வேறு, பாதுகாப்பு வேறு

தீபாவளி நெருங்கும் நாட்களில் எல்லைக்கு அப்பாலுள்ள மாவட்டங்களிலிருந்து வாலிபர்கள் பெங்களூர்ப் பக்கம் வேலை தேடி வருகிறார்கள். பட்டாசுக் கடைகளில் சில வாரங்கள் வேலை கிடைக்கும். கையில் நாலு காசு சேரும். கல்லூரிச் சம்பளத்திற்கு ஆகும் என்று வரும் மாணவர்களும் இவர்களில் உண்டு.

2023ம் ஆண்டு அக்டோபர் 7ந் தேதி, சனிக்கிழமை பிற்பகல், ஓசூர் எல்லையை ஒட்டிய அத்திப்பள்ளியில் நடந்ததை நம்மவர் மறந்திருக்க முடியாது. லாரியிலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கிக் கொண்டிருந்த வேளையில் தீப்பிடித்தது. விற்பனையும் சரக்கு வைப்பும் ஒரே இடத்தில் நடந்த கட்டடம் அது. உள்ளே இருந்தவர்களில் பலர் வெளியே வர முடியாமல் மாண்டனர். அன்றே 14 பேர் பலியானார்கள். தீக்காயத்துடன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களிலும் சிலர் பின்னர் இறந்தனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளைஞர்கள்.

கர்நாடக முதல்வர் சித்தராமையா நேரில் வந்து பார்த்தார். இறந்தவர் குடும்பத்திற்குத் தலா ரூ. 5 லட்சம் அறிவித்தார். விசாரணை சி.ஐ.டி.யிடம் ஒப்படைக்கப்பட்டது. தமிழ்நாடு சர்க்கார் தலா ரூ. 3 லட்சம் அறிவித்தது. இவை செய்ய வேண்டிய காரியங்களே. ஆனால் இவை அனைத்தும் தீப்பிடித்த பிறகு நடந்தவை. தீப்பிடிப்பதற்கு முன்னால் அந்தக் கட்டடத்தின் வாசலில் நின்று, "இங்கே நெருப்பு வந்தால் உள்ளே இருப்பவன் எந்த வழியாக வெளியே வருவான்?" என்று யாராவது கேட்டார்களா என்பதே நம் கேள்வி.

முன்கூட்டியே கேட்க வேண்டியவை

வேலையிடத்து ஆபத்தை மதிப்பிடுவது என்றால் ஏதோ என்ஜினீயர்களுக்கு மட்டுமே புரிகிற வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. வேலை தொடங்குமுன் இடத்தை ஒரு முறை சுற்றி வந்து சில கேள்விகளைக் கேட்பதுதான் அது. கேடு விளைவிக்கக் கூடியது இங்கே என்ன இருக்கிறது? அதனால் யாருக்கு, எப்படித் தீங்கு வரும்? வந்தால் எவ்வளவு பெரிதாக வரும்? வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு? இப்போது என்ன தடுப்பு இருக்கிறது, அது போதுமா?

இதில் கடைசிக்கு முந்தைய இரண்டு கேள்விகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மளிகைக் கடையில் மூட்டை சரிந்து காலில் விழுவது அடிக்கடி நடக்கலாம். காயம் சிறிது. பட்டாசுக் குடோனில் பத்து வருஷம் ஒன்றுமே நடக்காமல் இருக்கலாம். ஆனால் நடந்தால் ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள். "இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே" என்ற முதலாளியின் வாதம் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறது. நடக்காததற்குக் காரணம் பாதுகாப்பா, அதிர்ஷ்டமா என்பதை அவர் யோசித்ததில்லை.

லைசென்ஸ் ஒரு காகிதம். அது கொடுக்கப்பட்ட நாளில் இருந்த நிலைமைக்கு மட்டுமே சாட்சி. தீபாவளி சமயத்தில் சரக்கு பல மடங்கு குவிகிறது, புதிய ஆட்கள் வருகிறார்கள், லாரி வாசலை அடைத்து நிற்கிறது, வழியெல்லாம் பெட்டிகள். நிலைமை மாறும்போதெல்லாம் மதிப்பீட்டையும் புதிதாகச் செய்ய வேண்டும். தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு 2008ம் ஆண்டு வெடிபொருள் விதிகள், கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளி வேண்டும், ஒன்றை ஒன்று எதிர்நோக்கி இருக்கக் கூடாது, எரியும் விளக்கு கூடாது என்றெல்லாம் விதித்திருக்கின்றன. ஒரு கடையின் தீ அடுத்த கடைக்குத் தாவக் கூடாது என்பதே அவற்றின் கருத்து. இதைப் புரிந்து கொண்டவருக்கு விதி சுமையாகத் தோன்றாது.

கவசம் கடைசியில்தான்

ஆபத்தைக் கண்டபின் அதற்கு மாற்று தேடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ள பொருளுக்கோ முறைக்கோ மாற வேண்டும். அதுவும் இயலாவிட்டால் ஆபத்துக்கும் மனிதனுக்கும் நடுவே தடுப்பு வைக்க வேண்டும். அதற்குப் பிறகே பயிற்சி, எச்சரிக்கைப் பலகை, ஷிப்டு மாற்றம். தலைக்கவசமும் கையுறையும் கடைசியில். நம் ஊரில் நடப்பது தலைகீழ். ஒரு ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள்.

பீன்யா போன்ற தொழிற்பேட்டைகளின் பிரஸ் மிஷின்களையே எடுத்துக்கொள்வோம். "கையை ஜாக்கிரதையாக வை" என்று சொல்வதால் விரல் தப்பாது. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒரே சமயத்தில் அமுக்கினால்தான் மிஷின் இறங்கும் என்று அமைத்துவிட்டால் விரல் உள்ளே இருக்கவே வழியில்லை. ஆனால் பீஸ் கணக்கில் கூலி என்றால், வேகத்திற்காக ஒரு பொத்தானைக் கட்டி வைத்துவிடும் தொழிலாளியும் இருக்கிறார். அவரைக் குறை சொல்லுமுன் அந்தக் கூலி முறையையும் ஓர் ஆபத்தாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோலார் தங்கவயல் நமக்கு அந்நியமல்ல. அங்கே சுரங்கத்தில் இறங்கிய தமிழர் குடும்பங்கள் எத்தனையோ. பாறைத் தூசு நுரையீரலில் படிந்து உண்டாகும் சிலிகோசிஸ் நோய்க்கு, மைசூர் சமஸ்தானக் காலத்திலேயே நஷ்டஈட்டு விதிகள் செய்யப்பட்டன. நோய்க்குப் பணம் கொடுப்பது ஒன்று. நோயே வராமல் தடுப்பது வேறு. துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சினால் தூசு எழும் இடத்திலேயே அடங்கும். மூக்கில் துணி கட்டுவதைவிட அது பன்மடங்கு மேல். சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. பாடம் மூடப்படவில்லை.

ஒரே பாடம், பல முறை

அத்திப்பள்ளிக்குப் பத்து வாரங்களுக்கு முன், 2023 ஜூலை 29ந் தேதி, அதே நெடுஞ்சாலையில் உள்ள கிருஷ்ணகிரியின் பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் மாண்டனர். அந்தச் செய்தியைப் படித்த எத்தனை கடைக்காரர்கள் தங்கள் கடையின் பின்வாசலைத் திறந்து பார்த்தார்கள்?

பெங்களூர் நகரத்திற்குள்ளேயே உதாரணங்கள் உண்டு. 1983 செப்டம்பர் 12ந் தேதி கட்டுமானத்தில் இருந்த கங்காராம்ஸ் கட்டடம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் பலியானார்கள். 2010 பிப்ரவரி 23ந் தேதி கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில் புகை சூழ்ந்து 9 பேர் இறந்தனர். வெளியேற வழியின்றி ஜன்னல் வழியே குதித்தவர்களும் இருந்தார்கள். அது ஆபீஸ் கட்டடம். ஆகவே ஆபத்து கூலிக்காரனுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். 2024 அக்டோபர் 22ந் தேதி பாபுசாபாளையத்தில் கட்டிக் கொண்டிருந்த கட்டடம் மழையில் சரிந்து தொழிலாளர்கள் மாண்டனர். இந்த இடங்களிலெல்லாம் ஆபத்து ஒரே நாளில் முளைத்ததல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

1984ல் போபால் விஷவாயு விபத்து நடந்த பிறகே, 1987ல் பாக்டரிச் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழிலில் தொழிலாளிக்கு விவரம் அறியும் உரிமை சேர்க்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் 2020ம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைச் சட்டத்தொகுப்பு அமலுக்கு வந்துள்ளது.

இதில் வரவேற்க வேண்டியவை உண்டு. வேலைக்கு எடுக்கும்போது நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாகத் தோன்றினால் அதைத் தெரிவிக்கலாம். முதலாளி கவனித்தாக வேண்டும். கடமை தவறி மரணம் நேர்ந்தால் சிறைத்தண்டனையோ, ரூ. 5 லட்சத்திற்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவர் குடும்பத்திற்குக் கொடுக்கக் கோர்ட் உத்தரவிடலாம்.

கவலைக்குரிய அம்சமும் உண்டு. மின்சாரம் உபயோகிக்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தால் முன்பு பாக்டரி. இப்போது 20 பேர் வேண்டும். பாதுகாப்பு அதிகாரி கட்டாயம் என்பது பாக்டரியில் 500 பேருக்கு மேல்தான். ஆபத்தான தொழிலில் 250. நாலைந்து பேர் வேலை செய்யும் கடை, பட்டறை, சிறு கட்டடம் இவற்றில்தான் நம்மவர் அதிகம். அந்த இடங்களுக்கு அதிகாரியும் வருவதில்லை, கமிட்டியும் கிடையாது. ஆபத்தான தொழில் என்று மத்திய சர்க்கார் அறிவித்தால் ஆள் கணக்குப் பார்க்காமல் சட்டம் பொருந்தும் என்ற வழி இருக்கிறது. பட்டாசுச் சரக்கு வைக்கும் இடங்களுக்கு அந்த வழியைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

நாம் செய்யக் கூடியது

சிறு முதலாளிகள் செலவைக் காரணம் காட்டுவார்கள். பின்வாசலைப் பூட்டாமல் வைக்கச் செலவில்லை. வழியில் பெட்டி அடுக்காமல் இருக்கச் செலவில்லை. சரக்கு இறங்கும் நேரத்தில் மற்ற ஆட்களை வெளியே நிறுத்தவும் செலவில்லை. சரக்கைத் தனி இடத்தில் வைக்கச் செலவாகும். அந்தச் செலவுக்கு முடியாதவர் அந்த வியாபாரத்தைச் செய்யாதிருப்பதே நல்லது.

ஊரிலிருந்து ஆள் அழைத்து வரும் மேஸ்திரிகளுக்கு ஒரு வார்த்தை. பையனின் பெற்றோர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். கூலி எவ்வளவு என்று பேசுமுன் அந்த இடத்தை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வெளியேற இரண்டு வழி இல்லாத இடத்தில் ஆளை விடாதீர்கள். பெங்களூரிலுள்ள தமிழ்ச் சங்கங்களும் விழாக் காலத்திற்கு முன் இந்த வாலிபர்களைக் கூட்டி, அவர்களுடைய உரிமைகளை எடுத்துச் சொல்லலாம்.

அடுத்த தீபாவளிக்கும் பஸ்கள் வரும். வருகிற பிள்ளைகள் சம்பளத்தோடு ஊர் திரும்ப வேண்டும். அவர்கள் பெயரில் நிவாரணத் தொகை மட்டும் ஊர் போய்ச் சேரும் நிலை இனியும் வரக் கூடாது.