நாணல் கூரையும் நாளைய பயமும்

தில்லியில் குடியிருப்பவர் ஒரே வீட்டுக்குள் மூன்று ஊர்களில் குடியிருக்கிறார். மே மாதம் ராஜஸ்தான், ஆகஸ்டில் சென்னை, ஜனவரியில் இமயமலை அடிவாரம். சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2006 ஜனவரியில் ஓர் அதிகாலை 0.2 டிகிரி செல்சியஸ் பதிவானது. அதே நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி. இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஒரு கூரை மனிதரைக் காப்பாற்றியாக வேண்டும்.

மயூர் விஹாரில் இதற்கு இரண்டு விதமான கூரைகள் உண்டு. ஒன்று, தில்லி வளர்ச்சி ஆணையமும் கூட்டுறவுச் சங்கங்களும் கட்டிய அடுக்குமாடிகளின் கான்கிரீட் தளம். உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்கு வந்துபோகும் தமிழர்களும் மலையாளிகளும் வசிப்பது இதன் கீழேதான். மற்றொன்று, சாலையைக் கடந்து யமுனைப் பக்கம் இறங்கினால் தென்படுவது. 'காதர்' என்று சொல்லப்படும் வெள்ளச் சமவெளியில், காய்கறிப் பாத்திகளின் நடுவே விவசாயிகள் போட்ட நாணல் கூரை. தோட்டத்துக்குள் சின்னதாக ஒரு வீடு என்பது வசதி படைத்தவர்களின் ஆசை. இவர்களுக்கு அதுதான் வாழ்க்கை.

வெயிலை எதிர்கொள்வதில் எந்தக் கூரை கெட்டி? சந்தேகமில்லாமல் நாணல்தான். கான்கிரீட் தளம் பகல் முழுதும் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அறைக்குள் கக்குகிறது. மேல்மாடிக்காரர்கள் நள்ளிரவில் சுவரைத் தொட்டுப் பார்த்தால் புரியும். 'சர்க்கண்டா' எனப்படும் நாணலைக் கட்டுக்கட்டாக அடுக்கி வேய்ந்த கூரையில் தண்டுகளுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கூரையும் எடையற்றது, சூட்டைச் சேமித்து வைக்க அதில் இடமில்லை. சூரியன் சாய்ந்த சிறிது நேரத்தில் குடிசை ஆறிவிடுகிறது.

கான்கிரீட்டுக்கும் மாற்று இல்லாமல் இல்லை. தளத்தின் மேல் வைக்கோல் கலந்த மண்ணைப் பரப்பி ஓடு பதிப்பது வட இந்தியாவின் பழைய வழக்கம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் நம்மூர் முறைக்கு இது ஒன்றுவிட்ட சகோதரன். மொட்டை மாடிக்கு வெள்ளையடிப்பது இன்னும் மலிவு. அகமதாபாத் நகராட்சி 2017-ல் குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசும் திட்டத்தைத் தொடங்கியது. தெற்கு ஜன்னலுக்கு மேலே ஒரு வெயில் தடுப்பு இருந்தால் போதும். தில்லியில் ஜூன் மாத நடுப்பகல் சூரியன் சுமார் 85 டிகிரி உயரத்தில், தலைக்கு நேர் மேலே நிற்கும், உள்ளே வராது. டிசம்பரில் 38 டிகிரிக்குத் தாழ்ந்துவிடும். இதமான வெயில் அறைக்குள் வரும். செலவில்லாத ஹீட்டர்.

ஆனால் பெரும்பாலோர் நம்புவது கூலரைத்தான். அதன் பக்கங்களில் திணிக்கப்படும் 'கஸ்' வேறொன்றுமில்லை, நம் வெட்டிவேர். மே மாத வறண்ட காற்று ஈர வேர்களின் ஊடே நுழைந்து குளிர்ந்து, மணத்தோடு வருகிறது. ஜூன் கடைசியில் பருவமழை வந்ததும் கூலரின் ஜம்பம் அடங்கிவிடும். காற்றே ஈரமாக இருக்கையில் தண்ணீர் எப்படி ஆவியாகும்?

குளிர்காலத்தின் ஆபத்து வேறு வகை. நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் வாடைக்கால வீட்டில், விசிறி சிலந்தி வலையோடு தொங்குகிறது. வேனிற்காலப் படுக்கையறையின் சாளரங்கள் சாத்தியிருக்கின்றன. மக்கள் தடவில் தீ மூட்டிக் குளிர் காய்கிறார்கள். தில்லியில் அந்தத் தடவின் பெயர் அங்கீட்டி. கதவையும் ஜன்னலையும் இறுக மூடிவிட்டு இந்தக் கரியடுப்போடு உறங்கப் போன குடும்பங்கள் விடிந்து எழாத செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. உறங்கும் அறையில் கரியடுப்பு கூடாது. இதில் விதிவிலக்கு கிடையாது. குடிசையில் சுவரின் உட்புறம் மண் பூசி இடுக்குகளை அடைப்பதும், தரையில் வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரிப்பதும் உயிருக்கு ஆபத்தில்லாத வழிகள்.

ஆக, வருடம் முழுதும் சௌகரியமாக இருக்கும் வித்தை காதர்வாசிகளுக்குத் தெரியாததல்ல. பிறகு ஏன் அங்கே நாணலுக்குப் பதிலாக பிளாஸ்டிக் தார்ப்பாய்கள் முளைக்கின்றன? தார்ப்பாய் வெயிலில் அடுப்பு. குளிரில் உள்ளே பனித்துச் சொட்டும். அதைவிட மோசமான கூரை இருக்க முடியாது. ஆனால் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓட முடியும்.

ஓட வேண்டியிருக்கிறது. 2023 ஜூலை 13 அன்று யமுனை பழைய ரயில் பாலத்தருகே 208.66 மீட்டரைத் தொட்டது. அபாய அளவு 205.33 மீட்டர்தான், 1978-ன் 207.49 மீட்டர் சாதனை முறிந்தது. காதர்வாசிகள் மயூர் விஹார் சாலையோரக் கூடாரங்களில் தஞ்சம் புகுந்தார்கள். 2025 செப்டம்பரில் மறுபடியும் கூடாரம். வெள்ளம் வடிந்தால் சட்டம் வரும். நதி சுத்தமாகும்வரை வெள்ளச் சமவெளியில் உணவுப் பயிர் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. காரணம் நியாயமானது; சாக்கடையாகிவிட்ட நீரின் நஞ்சு காய்கறியில் ஏறுகிறது. நதியை நாசமாக்கியது பாத்தி கட்டியவர்கள் அல்ல என்பதும் அதே அளவு நியாயம்.

மாற்று வீடு கேட்கலாம் என்றால் அங்கேயும் ஒரு கணக்கு. தில்லி நகர்ப்புறக் குடியிருப்பு மேம்பாட்டு வாரியத்தின் 2010-ம் வருடச் சட்டப்படி, குறைந்தது 50 குடும்பங்கள் சேர்ந்திருந்தால்தான் அது குடிசைப் பகுதி. தோட்டக் குடிசையோ பயிருக்குக் காவலாகத் தனித்தே நிற்கும். தனித்து நிற்பதே அதன் வேலை. அந்தக் காரணத்தாலேயே அது கணக்கில் விழுவதில்லை.

நல்ல கூரைக்கு நாணல் வேண்டும், கைத்திறன் வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த வருடமும் அது நம் தலைக்கு மேலே இருக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். புல்டோசரை எதிர்பார்த்திருப்பவர் அடர்த்தியாகக் கூரை வேய மாட்டார். நதிக்கு அதன் இடத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் முடிவென்றால், அங்கிருந்து எழுப்பப்படுபவர்களுக்கு ஓர் இடத்தைக் காட்டுவதும் அந்த முடிவின் பகுதியாக வேண்டும். தார்ப்பாயை விரித்துத்தான் கோடையைச் சமாளிக்க வேண்டும் என்று யாரும் விரும்புவதில்லை.