மணற்குழியை எங்கே வெட்டுவது?

இலங்கைத் தமிழருக்குப் 'பங்கர்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் வீட்டு வளவுகளில் வெட்டப்பட்டு, பனங்குற்றிகளும் மண்மூட்டைகளும் அடுக்கப்பட்டு, விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளோடு இறங்கிய பதுங்குகுழி அது. கோல்ப் விளையாட்டிலும் அதே பெயரில் ஒரு குழி உண்டு. பந்து விழுந்தால் எளிதில் எழும்பாத மணற்குழி. உயிர் காத்த குழியையும் விளையாட்டுக் குழியையும் ஒப்பிடுவது என் நோக்கமன்று. ஆயினும் எத்தனை குழி வெட்டினோம் என்பதைவிட எங்கே வெட்டினோம் என்பதே முக்கியம் என்ற விதி இரண்டுக்கும் பொதுவானது.

கொழும்பில் கோல்ப் கழகம் 1879இல் தொடங்கியது. முதலில் காலிமுகத்திடலிலேயே ஆடினார்கள். 1896இல் கழகம் பொரளைக்கு இடம்பெயர்ந்தது. அப்போதைய ஆளுநர் ஜோசப் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரால் அத்திடல் 'ரிட்ஜ்வே லிங்ஸ்' ஆயிற்று. களனிவெளிப் புகையிரதப் பாதை அதனூடாகவே செல்கிறது. வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ அப்பக்கம் போகும் நம்மவரிற் பெரும்பாலோர் அதன் வேலியை மட்டுமே அறிவர்.

'லிங்ஸ்' என்பது கடலோர மணல்நிலத்தைக் குறிக்கும் ஸ்கொட்லாந்துச் சொல். பொரளையில் கடலும் இல்லை, மணல்மேடும் இல்லை. பெயர் மட்டும் கப்பலேறி வந்தது. மணற்குழியும் அவ்வாறே வந்தது. ஸ்கொட்லாந்தின் கரையோரத்தில் அது இயற்கையின் படைப்பு. காற்று அரித்ததாலும் ஆடுகள் ஒதுங்கிப் படுத்ததாலும் உண்டான பள்ளங்களே பங்கர்கள் ஆயின என்பர். ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்யும் கொழும்பில் அதைச் செயற்கையாக வெட்டி, வடிகால் அமைத்து, மணல் கொட்டி, ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னரும் நீரிறைத்துச் சீர்செய்ய வேண்டும்.

அப்படியானால் மணற்குழியே வேண்டாமா? வேண்டும். ஆனால் அது தண்டனையாக அமையாமல் கேள்வியாக அமைய வேண்டும் என்பதே என் கருத்து.

ஆட்டப்பாதைக்குக் குறுக்கே அகலமான குழியை வெட்டிவிட்டால் வல்லவன் அதைத் தாண்டி அடித்துவிடுவான். முதியவரும் பெண்களும் புதிதாகப் பழகுவோரும் அதில் விழுவார்கள். இது பலவீனனுக்கு விதிக்கப்படும் வரி. மாறாக, துளையை நோக்கிய மிகச் சிறந்த வழியின் ஓரத்தில் ஒரு சிறு குழியை வைத்துப் பாருங்கள். வல்லவன் அந்த ஆபத்தை உரசிச் சென்றால் அடுத்த அடி அவனுக்கு எளிதாகும். அஞ்சுபவன் விலகிச் செல்லலாம். ஓர் அடி கூடுதலாகும், ஆட்டம் கெடாது. ஒரே குழி இருவருக்கும் இரு வேறு ஆட்டங்களைத் தருகிறது. ஜோன் லோ என்ற எழுத்தாளர் 1903இலேயே தம் நூலில் இக்கருத்தை முன்வைத்தார்.

சென் அன்ட்ரூஸ் பழைய திடலில் 112 மணற்குழிகள் உள்ளன. 2000ஆம் ஆண்டு டைகர் வூட்ஸ் நான்கு நாட்களும் அவற்றுள் ஒன்றிலும் விழாமல் ஆடி, 8 அடி வித்தியாசத்தில் வென்றார். குழிகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிட்டு அவர் ஆடிய ஆட்டம் அது. அதே திடலில் 1978இல் ஜப்பானிய வீரர் நகஜீமா, 17ஆம் துளையின் பச்சைத் தளத்தைப் பந்து அடைந்த பின்னரும், தளத்தின் ஓரத்திலிருந்த சிறு குழிக்குள் அதை உருளவிட்டு 9 அடிகள் எடுத்தார். முதலிடத்துக்குப் போட்டியிட்ட அவரை வீழ்த்தியது அந்த ஒரேயொரு குழிதான்.

ஒகஸ்ரா திடலைப் பொபி ஜோன்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த அலிஸ்ரர் மக்கென்சி ஒரு மருத்துவர். போயர் யுத்தத்தில் பணியாற்றியபோது, நிலத்தோடு நிலமாக மறைந்திருக்கும் போயர்களின் அரண்களைக் கண்டு வியந்தார். அந்தப் போயர்களில் கைதானோர் பலர் நம் தியத்தலாவை முகாமில் அடைபட்டிருந்தனர் என்பது வரலாறு. போர்க்களத்தில் கற்ற பாடத்தை மக்கென்சி பின்னாளில் கோல்ப் திடல்களில் கையாண்டார். 1933இல் ஒகஸ்ரா திறக்கப்பட்டபோது அங்கு மணற்குழிகள் 30க்கும் குறைவாகவே இருந்தன. ஆயினும் அங்கு எவரும் எண்ணாமல் அடித்துவிட முடியாது.

இலங்கையில் இந்த விவாதம் வீண்பேச்சன்று. கண்டிக்கு அருகே டொனால்ட் ஸ்டீல் வடிவமைத்த விக்டோரியா திடல் 1999இலும், அம்பாந்தோட்டையில் ஒரு சுற்றுலா விடுதியின் திடல் 2016இலும் வந்தன. இன்னும் வரக்கூடும். விளம்பரப் படங்களில் வெண்மணற் குழிகள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் இந்நாட்டில் மணல் மலிவான பொருளன்று. மணல் அகழ்வினால் களனி கங்கையும் மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் பட்ட பாட்டை நாம் அறிவோம். களனியின் அடித்தளம் தாழ்ந்ததால் கொழும்பின் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை உப்புநீர் ஏறும் அபாயம் உண்டாயிற்று. கொட்டாஞ்சேனையில் குழாயைத் திறப்பவருக்கும் மணலுக்கும் தொடர்புண்டு.

எனவே ஒரு மணற்குழியை வெட்டுமுன் வடிவமைப்பாளரிடம் ஒன்றைக் கேட்போம்: இது ஆடுபவருக்கு எந்தத் தெரிவை வழங்குகிறது? பதில் இருந்தால் வெட்டட்டும். அழகுக்காக என்றால் அங்கே புல் வளரட்டும். அழகுக்குப் புல்லே போதும்.